இலங்கை வானொலி வர்த்தக சேவையின் ஆரம்ப நாட்களை எழுதி வைப்பது எப்படி?

உங்கள் வீட்டில் எண்பதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் அவரிடம் இன்றே உட்காருங்கள். நூலகத்துக்கு அடுத்த மாதம் போகலாம்.

ஆண்டைக் கேட்காதீர்கள். கேட்டால் தடுமாறி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார்கள். வானொலிப் பெட்டி எங்கே இருந்தது, அதன் குமிழைத் திருப்ப யாருக்கு அனுமதி இருந்தது, செய்தி நேரத்தில் அயலிலிருந்து யார் யார் வந்தார்கள் என்று கேளுங்கள். வெள்ளவத்தையில் என் பெரியம்மா இதற்கு ஒரு மணி நேரம் பதில் சொன்னார். பெட்டியின் மேல் விரித்திருந்த துணியின் பூ வேலை கூட அவருக்கு நினைவிருந்தது.

ஆண்டை நிலையத்தின் பெயரே காட்டிவிடும். 1925 டிசம்பர் 16-ல் தந்தித் துறைப் பொறியாளர் எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் கொழும்பு வானொலி தொடங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நேச நாட்டுப் படையினருக்காக ரேடியோ சியாக் ஒலித்தது. 1949-ல் அதை இலங்கை அரசு பெற்றுக்கொள்ள, ரேடியோ சிலோன் பிறந்தது. விளம்பரத்தால் நடந்த வர்த்தக சேவை 1950 செப்டெம்பர் 30-ல் வந்தது. 1967-ல் ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமானது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் பெரியப்பா, "யுத்தத்துக்குள்ளேயே வர்த்தக சேவை கேட்டேன்" என்று உறுதியாகச் சொன்னார். நான் மறுக்கவில்லை, என்ன பாட்டு என்று கேட்டேன். எல்லாம் ஆங்கிலப் பாட்டு. அவர் கேட்டது ரேடியோ சியாக். நினைவு சரியாகவே இருந்தது, பெயர்தான் மாறியிருந்தது. இப்படிப்பட்ட இடங்களை அடித்துத் திருத்தாதீர்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதி, உங்கள் விளக்கத்தைத் தனியாக எழுதுங்கள்.

பிறகு கொழும்பு 7-ல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைக் கேளுங்கள். வீரகேசரி 1930-லும் தினகரன் 1932-லும்தான் தொடங்கின. அதனால் 1925-க்கு ஆங்கிலப் பத்திரிகைகளையே பார்க்க வேண்டும். 1950-க்கு இரண்டு தமிழ்ப் பத்திரிகைகளையும் எடுங்கள். செய்திப் பக்கத்தோடு நின்றுவிடாதீர்கள். விளம்பரங்களை வரி விடாமல் படியுங்கள். நேரத்தை விற்று நடந்த சேவையின் தடயம் அங்கேதான் அதிகம் கிடைக்கும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் பத்திரிகை, திகதி, பக்கம் மூன்றையும் எழுதுங்கள். இதில் சோம்பல் வேண்டாம்.

எழுதி முடித்ததை அவருக்கே உரக்க வாசித்துக் காட்டுங்கள். நான் வாசித்தபோது பெரியம்மா இடைமறித்தார்: "அந்தத் துணியைத் தைத்தது நான் இல்லை, என் அக்கா." அதையும் சேர்த்துக்கொண்டேன்.