ஊர் கூடிப் பின்னும் பவளப்பாறை

எங்கள் தெருவில் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூல் பின்னும் வேலை, தெரிந்தவர்கள் மூன்றே பேர். அதனால் முதலில் வகுப்பு எதுவும் எடுக்கவில்லை. மாலையில் திண்ணையில் உட்கார்ந்து நான் பாட்டுக்குப் பின்னினேன். "என்னக்கா இது, முட்டைக்கோஸா?" என்று கேட்டு வந்தவர்கள் கையில் ஊசியைக் கொடுத்தேன். ஊர் கூடிக் குரோஷாவில் ஒரு பவளப்பாறை பின்ன, நீங்களும் இப்படித்தான் தொடங்க வேண்டும்.

யோசனை என்னுடையதல்ல. 1997-இல் டைனா டைமினா என்ற கணிதப் பேராசிரியை, சுருண்டு சுருண்டு விரியும் ஒரு கணிதப் பரப்பைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். 2005-இல் மார்கரெட், கிறிஸ்டின் என்ற வெர்தைம் சகோதரிகள் அதையே பவளப்பாறையாக்கி, ஊர் ஊராக மக்களைப் பின்னவைத்தார்கள். மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூத்துக்குடியில் நாங்கள் சும்மா இருக்க முடியுமா?

டிசைன் கொடுக்காதீர்கள், ஒரே ஒரு விதி கொடுங்கள். சங்கிலிபோல இருபது கண்ணி (நூல் வளையம்) போட்டுத் திரும்புங்கள். வரிசைதோறும் ஒவ்வொரு மூன்றாவது கண்ணியிலும் இரண்டு தையல், மற்றவற்றில் ஒன்று. ஐந்தாவது வரிசையில் 80 கண்ணி வந்திருக்கும், ஓரம் தானாகவே நெளியத் தொடங்கும். ஆர்வக்கோளாறில் எல்லாக் கண்ணியிலும் இரண்டு போட்டால் 640! நூலும் காலி, பொறுமையும் காலி. எண்ணிக்கை தப்பினால் பிரிக்கச் சொல்லாதீர்கள். கடலுக்கடியில் எந்தப் பவளம் அளவெடுத்து வளர்கிறது?

உல்லன் நூலைப் பார்த்து ஆண்கள் ஒதுங்கியே நின்றார்கள். கிழிந்த நைலான் வலையைக் கொண்டுவந்து போட்டபிறகுதான் கதை மாறியது. வலை பொத்துகிற தாத்தா ஒருவர் குரோஷா ஊசியைத் தொடவே இல்லை. தன் வலை முடிச்சிலேயே விசிறிபோல விரியும் பவளம் செய்துவிட்டார். உங்கள் ஊர்க் கைகளுக்கு எது பழக்கமோ, அதற்கும் இடம் வையுங்கள்.

வெள்ளை நூலைத் தனியாக எடுத்து வையுங்கள். கடல் சூடானால் பவளம் வெளுத்துப்போகும். 2016-இல் இங்கேயும் வெளுத்தது. வண்ணங்களுக்கு நடுவே அந்த வெள்ளைத் திட்டு இருந்தால், பார்க்கிறவர்கள் தாமே கேட்பார்கள்.

பொருத்துவதில்தான் நான் சொதப்பினேன். தெர்மாகோலில் பசை போட்டு ஒட்டியது மறுநாள் காலையில் மொத்தமாகத் தரையில் கிடந்தது. கோழிவலைக் கம்பியை மேடுபள்ளமாக வளைத்து, ஒவ்வொன்றையும் அதே நூலால் கட்டுங்கள். செய்தவர் பெயரைத் துணி நாடாவில் அழியாத மையில் எழுதி அடியில் தைத்துவிடுங்கள். கலைக்கும் நாளில் அவரவர் பவளத்தை அவரவரிடம் கொடுக்க அந்த நாடா வேண்டும். எங்களிடம் பெயரில்லாமல் ஏழு மிஞ்சின. ஆறு வீட்டுக்காரர்கள் அத்தனைக்கும் உரிமை கொண்டாடினார்கள்.