வேகமும் திசைவேகமும்: ஒரு 400 மீட்டர் ஓட்டத்தை வைத்துக் கணக்குப் போடலாம்

வேகத்துக்குத் திசை கிடையாது, திசைவேகத்துக்கு உண்டு. இதை மனப்பாடமாகச் சொல்கிறவர்கள்கூட, கணக்கு என்று வந்துவிட்டால் இரண்டுக்கும் ஒரே விடையை எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் நேரே கணக்குக்கே போவோம், ஒரு கால்குலேட்டர் போதும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவின் வேட் வான் நீகெர்க் 400 மீட்டரை 43.03 வினாடியில் ஓடி, மைக்கேல் ஜான்சன் 1999இல் வைத்திருந்த 43.18 என்ற உலக சாதனையை முறியடித்தார். அவர் ஓடியது எட்டாவது லேனில், அதாவது மற்றவர்கள் யாரும் கண்ணில் படாத வெளிப்பக்கத்தில். இந்த லேன் எண்ணை மறக்காதீர்கள், இப்போதே தேவைப்படும்.

படி 1: ஓடிய பாதையின் மொத்த நீளத்தை எடுங்கள். இதுதான் தொலைவு. 400 ÷ 43.03 = 9.3 மீட்டர்/வினாடி. 3.6ஆல் பெருக்கினால் மணிக்கு சுமார் 33.5 கிலோமீட்டர். சராசரி வேகம் முடிந்தது.

படி 2: இப்போது அவர் எந்த வழியாக ஓடினார் என்பதை விட்டுவிடுங்கள். தொடங்கிய இடத்துக்கும் முடித்த இடத்துக்கும் நடுவே நேர்கோடு போடுங்கள், அதுதான் இடப்பெயர்ச்சி. முதல் லேனில் ஓடுகிறவருக்கு இரண்டும் ஒரே கோடு, எனவே பூஜ்யம். எட்டாவது லேனில் வளைவு பெரியது என்பதால் அதே கோட்டில் நிறுத்தினால் அவர் 400 மீட்டருக்கு மேல் ஓட வேண்டிவரும், அதைச் சரிக்கட்டத்தான் தரமான டிராக்கில் அவரைச் சுமார் 53 மீட்டர் முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த 53 வளைவின் மேலேயே அளந்தது. நேர்கோடாக அளந்தால் ஏறக்குறைய 50 மீட்டர் வரும்.

படி 3: அந்த இடப்பெயர்ச்சியை அதே நேரத்தால் வகுங்கள். 50 ÷ 43.03 = 1.16 மீட்டர்/வினாடி, தொடங்கிய இடத்திலிருந்து முடிவுக்கோட்டை நோக்கிய திசையில். திசையை எழுதாவிட்டால் விடை பாதிதான். உலக சாதனை ஓட்டம், ஆனால் சராசரி திசைவேகம் சும்மா நடந்து போகிறவரின் வேகத்துக்குக்கூட எட்டவில்லை! சூத்திரத்தில் தப்பு ஒன்றுமில்லை. எவ்வளவு ஓடினார் என்று அது கேட்கவே இல்லை, கடைசியில் எவ்வளவு தள்ளி நிற்கிறார் என்றுதான் கேட்கிறது.

படி 4: நேர்ப்பாதையில் சரிபாருங்கள். 2009இல் பெர்லினில் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். வகுத்தால் 10.44. இங்கே தொலைவும் இடப்பெயர்ச்சியும் ஒன்றே என்பதால் வேகத்துக்கும் அதே எண், திசைவேகத்துக்கும் அதே எண், பின்னதில் திசை சேரும், அவ்வளவுதான். பாடத்தில் முதலில் வரும் கணக்குகள் பெரும்பாலும் இப்படி நேர்கோட்டிலேயே இருப்பதால்தான் குழப்பம் வருகிறது என்பது என் கணிப்பு.

படி 5: சராசரியை விட்டுவிட்டு ஒரு கணத்தைப் பாருங்கள். வளைவில் ஒருவர் சீராக 9.3 மீட்டர்/வினாடியில் ஓடுகிறார் என்று வையுங்கள். வேகம் மாறவில்லை. ஆனால் உடல் திரும்பிக்கொண்டே இருக்கிறது, எனவே திசைவேகம் ஒவ்வொரு கணமும் மாறுகிறது, திசைவேகம் மாறினால் முடுக்கம் இருந்தே தீரும். வேகத்தின் வர்க்கத்தை வளைவின் ஆரத்தால் வகுங்கள்: எட்டாவது லேனில் ஆரம் சுமார் 45 மீட்டர், முடுக்கம் 1.9 மீட்டர்/வினாடி². முதல் லேனில் ஆரம் 37 மீட்டருக்குச் சற்றுக் குறைவு, முடுக்கம் ஏறக்குறைய 2.35. உள் லேன் கிடைத்தால் ஓட்டக்காரர்கள் முகம் சுளிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.