பத்துக்குப் பத்து அறையில் மிக்ஸிங்: ஸ்டூடியோ மானிட்டர் தேர்வு

மானிட்டர், அதாவது மிக்ஸ் செய்யும்போது கேட்கும் ஸ்பீக்கர், அதன் விலையைத் தேடுவதற்கு முன் டேப்பை எடுத்து அறையை அளந்துகொள்ளுங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் வீட்டு ஸ்டூடியோ என்றால் பெரும்பாலும் மாடியில் சும்மா கிடந்த அறைதான். பத்துக்குப் பத்து, மிஞ்சினால் பத்துக்குப் பன்னிரண்டு. சிமெண்ட் பூசிய சுவர், கான்கிரீட் தளம், கீழே டைல்ஸ். கை தட்டினால் தகரத்தைத் தட்டியதுபோல் ஓசை திரும்பும். அங்கே எட்டு அங்குலக் கூம்புள்ள மானிட்டரை வைத்தால் காதில் விழும் பேஸில், அதாவது அடியோசையில், பாதி சுவருடையது.

அறையில் எந்த ஹெர்ட்ஸில் ஓசை வீங்கி விம்மும் என்பதைக் கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். 30 டிகிரி வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் போகும். அதை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் முதல் விம்மல். 12 அடிக்கு, அதாவது 3.66 மீட்டருக்கு, 48 ஹெர்ட்ஸ். அதன் மடங்குகளான 95, 143-லும் விம்மும். 10 அடிக்கு 57, 114, 172. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்தடி என்றால் மூன்று விம்மலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். வீட்டில் வேறு அறை இருந்தால் அதற்கு மாறிவிடுங்கள். எந்த மானிட்டரும் இதைச் சரிசெய்யாது.

இதனால் என்ன கெடும்? ஒரு கட்டையில் பாடுபவருக்கு ஆண் தம்புரா சேர்த்தால் பஞ்சமத் தந்தி 98 ஹெர்ட்ஸில் நிற்கும். 12 அடி நீளத்தின் நட்டநடுவில் உட்கார்ந்தால் 48 காணாமல் போகும், 95-ஐ ஒட்டியதெல்லாம் வீங்கிக் கேட்கும். தம்புரா இரைகிறதே என்று, ஓசையின் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூவில் 100-ஐ வெட்டுவீர்கள். தவிலின் தொப்பிக்கு அடியோசை போதவில்லை என்று 50-ஐ ஏற்றுவீர்கள். அதே பாட்டைக் காரில் போட்டால் தம்புரா மெலிந்திருக்கும், தவில் கதவை அதிரவைக்கும்.

ஆகவே இந்த அளவு அறைக்கு ஐந்து அங்குலம் போதும். எட்டு அங்குலத்துக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சத்தை, சுவரில் ஓசையை உறிஞ்ச வைக்கும் கல்பஞ்சான ராக்வூலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பேஸுக்கென்று தனிப் பெட்டியான சப்வூஃபர் பேச்சே வேண்டாம்.

பெட்டியில் அச்சிட்ட எண்களைப் பார்த்து மயங்காதீர்கள். யமஹா எச்எஸ்5-க்கு 54 ஹெர்ட்ஸ் முதல் என்று போட்டிருக்கும். அது ஒலி 10 டெசிபல் விழுந்த இடம். 3 டெசிபல் விழும் இடம் 74. ஜேபிஎல் 305பி மார்க் 2-க்கு அதே வரிசையில் 43, 49. ஒரு கம்பெனியின் 10 டெசிபல் எண்ணை இன்னொன்றின் 3 டெசிபல் எண்ணோடு வைத்து ஒப்பிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பின்பக்கம் பேஸைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சிறிய அறையில் பெட்டி சுவரோரம்தான் நிற்கப்போகிறது, இது இல்லாமல் முடியாது. எச்எஸ்5-இல் 2, 4 டெசிபல் என்றும், 305பி-யில் 1.5, 3 டெசிபல் என்றும் இறக்கலாம். விலை ஒன்றுக்கா ஜோடிக்கா என்பதையும் கேட்டுவிடுங்கள். மானிட்டரை ஒற்றையாகவும் விலை போட்டு விற்பார்கள்.

கேட்டுப் பார்க்கப் பெரும்பாலும் திருச்சிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருக்கும். போகும்போது உங்கள் பாட்டுகளையே வேவ் கோப்பாகக் கொண்டுபோங்கள். நாதஸ்வரம் ஒன்று, தனிக்குரல் ஒன்று, தவிலோ மிருதங்கமோ தனியாக ஒன்று. இரண்டு மானிட்டரை ஒப்பிடும்போது சத்தம் சமமாக இருக்கட்டும், போனில் டெசிபல் காட்டும் ஆப் போதும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதைக் காது 'நல்லது' என்று சொல்லிவிடும், விற்பவருக்கும் அது தெரியும்.

நாதஸ்வரத்தில் கவனிக்க வேண்டியது, வாயில் வைத்து ஊதும் சீவாளியின் கீறல். நம் காது மிகக் கூர்மையாக இருப்பது 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை. சீவாளியின் உறைப்பும் அங்கேதான். ஐந்து அங்குல மானிட்டரில் பேஸ் கூம்பும், கீச்சு ஓசை தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டரும் கைமாற்றிக்கொள்ளும் இடமும் 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே வரும். அங்கே பள்ளம் இருந்தால் நாதஸ்வரம் வெண்ணெயாக வழுக்கும். வாங்கத் தூண்டும் ஓசை அது, ஆனால் மிக்ஸுக்கு ஆகாது. கீறல் இருப்பதே தெரியாமல் விட்டுவிடுவீர்கள். வெள்ளைக் கூம்புள்ள யமஹா என்எஸ்-10 வீட்டு ஸ்பீக்கராக 1978-இல் வந்தபோது பெரிய வரவேற்பில்லை. நடுப்பகுதியைத் துருத்திக் காட்டும் அந்தக் குணத்துக்காகவே ஸ்டூடியோக்கள் அதை எடுத்துக்கொண்டன, 2001-இல் உற்பத்தி நிற்கும் வரை விடவில்லை.

வைக்கும் இடத்துக்கு வருவோம். 12 அடி நீளம் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஓடும்படி, 10 அடிச் சுவரைப் பார்த்து உட்காருங்கள். காது முன்சுவரிலிருந்து நாலரை அடியில் இருக்கட்டும். நீளத்தில் 38 சதவீதம். கூம்புகள் சுவரிலிருந்து ஓரடி, ஒன்றுக்கொன்று 126 சென்டிமீட்டர், பக்கச் சுவர்களுக்குத் தலா 90. உங்கள் தலையும் இரண்டு பெட்டிகளும் சமபக்க முக்கோணமாக அமையும். பின்பக்கம் துளையுள்ள பெட்டி என்றால் சுவருக்கும் துளைக்கும் நடுவே நான்கு விரற்கடை இடமாவது வேண்டும். கிழக்கு பார்த்து உட்கார வேண்டும் என்று மேஜையை மூலையில் தள்ளினால் ஒரு பக்கம் மட்டும் பேஸ் ஏறும். கிழக்கே நீளச் சுவர்தான் இருக்கிறது என்றால் திசையை விட்டுக்கொடுங்கள்.

ட்வீட்டர் காது உயரத்துக்கு வர வேண்டும். நாற்காலி என்றால் 110 முதல் 120 சென்டிமீட்டர், பாயில் சம்மணமிட்டு வேலை செய்பவருக்கு அதைவிட மிகத் தாழ்வு. உட்கார்ந்துகொண்டு இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். ஸ்டாண்டுக்குச் செலவழிக்க வேண்டாம். ஹாலோ பிளாக்கை அடுக்கி ஓட்டையில் மணலை நிரப்பி, மேலே கனமான ஸ்பாஞ்சு வைத்தால் அசையாது. மேஜைமேல் வைத்தால் பலகையில் பட்டு வரும் ஓசை குரலைக் கலக்கும்.

சுவருக்கு முட்டை அட்டை ஒட்டுவதால் பயனில்லை. ஓரங்குல ஃபோம் கீச்சு ஓசையை மட்டும் உறிஞ்சும். நாதஸ்வரம் மங்கும், விம்மல் அப்படியே கிடக்கும். கன மீட்டருக்கு 48 கிலோ அடர்த்தியுள்ள ராக்வூல் இரண்டங்குலப் பலகையை இரண்டாகச் சேர்த்து, மரச்சட்டத்தில் அடைத்து, பருத்தித் துணி சுற்றுங்கள். நான்கு சட்டங்களாவது வேண்டும்: இரண்டு முன் மூலைகளில் குறுக்காக, இரண்டு பக்கச் சுவர்களில். பக்கச் சுவரில் சரியான இடம் காண, ஒருவர் கண்ணாடியைச் சுவரோடு நகர்த்த, உட்கார்ந்த இடத்திலிருந்து மானிட்டர் தெரியும் புள்ளியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுவரை, பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் ஓரளவு அடங்கும். தரைக்கு ஜமக்காளம் விரியுங்கள். கோரைப்பாய் மெல்லியது, அதை நம்ப வேண்டாம்.

வைத்து முடித்ததும் 40 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒற்றை ஸ்வரத்தை ஓடவிடுங்கள். எங்கே வீங்குகிறது, எங்கே மறைகிறது என்று எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். ஓசையை அளக்கும் மைக் கிடைத்தால் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருள் படமாகவே வரைந்து காட்டும். வேலை செய்யும் சத்தம் உட்காரும் இடத்தில் 73 முதல் 76 டெசிபல் போதும்.

கரண்ட் விஷயத்தில் அவசரம் கூடாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த பெட்டியில் 115 வோல்ட் என்று மட்டும் எழுதியிருந்தால் சொருகிய நொடியில் ஃபியூஸ் போகும், அதோடு நின்றால் அதிர்ஷ்டம். வீட்டு இன்வெர்ட்டர் சைன்வேவ் வகையாக இல்லாவிட்டால் கரண்ட் போன நேரத்தில் மானிட்டர் இரையும். இரைச்சல் எப்போதும் இருந்தால் பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உயிருக்கு ஆபத்து. கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டியிலிருந்து, இரைச்சலைத் தவிர்க்கும் பேலன்ஸ்டு கேபிள் போட்டு, எல்லாவற்றையும் ஒரே ஸ்பைக் பாக்ஸில் சொருகிப் பாருங்கள். பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மானிட்டரைக் கடைசியில் போட்டு முதலில் அணைக்க வேண்டும். மாற்றிச் செய்தால் வரும் 'டப்' ட்வீட்டரைக் கெடுக்கும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கூம்பில் பூஞ்சை பிடிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஜாக்குகள் களிம்பேறும். பருத்தித் துணியால் மூடி, கான்டாக்ட் கிளீனரால் அவ்வப்போது துடையுங்கள். பேஸ் துளைக்குள் பல்லியும் எறும்பும் குடியேறும். வேலை முடிந்ததும் ஸ்பாஞ்சுத் துண்டால் துளையை அடைத்துவிட்டு, மறுநாள் போடும் முன் மறக்காமல் எடுங்கள். அடைத்தபடி ஓடினால் பேஸ் குறையும், மிக்ஸில் அதை ஈடுகட்ட ஏற்றிவிடுவீர்கள்.