இரண்டு போர் விமானங்களை ஒப்பிடுவது எப்படி: ஒரு செய்முறை விளக்கம்

ரஃபேலா, டைஃபூனா என்று இணையத்தில் தேடிப் பாருங்கள். வேகம், உயரம், ஏவுகணை எண்ணிக்கை என எண்களை அடுக்கி, கடைசியில் ஒன்றுக்கு 8, இன்னொன்றுக்கு 8.5 என்று மதிப்பெண் போட்டிருப்பார்கள். அந்த அரை மதிப்பெண் எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு இந்த ஒப்பீடு உண்மையிலேயே தேவைப்பட்டது. அதனால் நானே அட்டவணை போட ஆரம்பித்தேன். அதன் முறையை இங்கே எழுதி வைக்கிறேன்.

இறக்கை ஏன் தூக்குகிறது, ஜெட் எஞ்சின் எப்படி இயங்குகிறது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

என்ன வேண்டும்

ஒரு விரிதாள் போதும். நான் லிப்ரே ஆபீஸ் கால்க் பயன்படுத்துகிறேன், கூகுள் ஷீட்டும் சரிதான். சிலந்திவலை வரைபடம் மட்டும் வேண்டாம். அதில் அச்சுகளின் வரிசையை மாற்றினாலே வலையின் பரப்பு மாறிவிடும், பார்ப்பவர் பரப்பைத்தான் பார்ப்பார்.

தகவலுக்கு, தயாரிப்பாளரின் கையேட்டிலிருந்து நீளம், இறக்கைப் பரப்பு, எடை ஆகியவற்றை எடுங்கள். 'வீச்சு' என்று போட்டிருப்பதை எடுக்காதீர்கள். எவ்வளவு சுமையோடு, எந்த உயரத்தில், வெளித் தொட்டியோடா இல்லாமலா என்று சொல்லாத வீச்சு எதற்கும் உதவாது. காலக்கோட்டுக்கும் செலவுக்கும் தணிக்கை அறிக்கைகளைப் போல நல்ல மூலம் வேறில்லை. தேஜஸ் பற்றி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2015-ல் கொடுத்த அறிக்கையும், எஃப்-35 பற்றி அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ தொடர்ந்து வெளியிடும் அறிக்கைகளும் வறட்சியாக இருக்கும். ஆனால் அவற்றில் விளம்பரம் இருக்காது.

படி 1: எதற்காகக் கேட்டார்கள்?

எண்களைத் தொடும் முன், ஒவ்வொரு விமானத்துக்கும் இரண்டு வரி எழுதுங்கள்: யார் கேட்டார்கள், எந்த வேலைக்குக் கேட்டார்கள். இதைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதற்கு மிக்-25 நல்ல உதாரணம். 1967-ல் சோவியத் யூனியன் அதை வெளியே காட்டியபோது, அந்தப் பெரிய இறக்கைகளைப் பார்த்த மேற்கத்திய வல்லுநர்கள் 'வேகமும் உண்டு, சட்டென்று திரும்பவும் செய்யும்' என்று கணக்குப் போட்டார்கள். அந்த அச்சம் அமெரிக்காவின் எஃப்-15-இன் வடிவமைப்பிலும் எதிரொலித்தது. 1976 செப்டம்பரில் தப்பிவந்த சோவியத் விமானி விக்தர் பெலென்கோ ஒரு மிக்-25-ஐ ஜப்பானின் ஹகோடாட்டேயில் கொண்டுவந்து இறக்கினார். பிரித்துப் பார்த்தால் உடலின் பெரும்பகுதி நிக்கல் எஃகு. அவ்வளவு எடையைத் தூக்க வேண்டியிருந்ததால்தான் இறக்கை அவ்வளவு பெரிது. உயரத்தில் மிக வேகமாக வருவதை மறிக்கச் செய்த விமானத்தை, சண்டைக்குச் சுழலும் விமானமாக நினைத்துவிட்டார்கள்.

ரஃபேலும் டைஃபூனும் ஒரே பேச்சுவார்த்தையில் தொடங்கியவை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரு விமானம் செய்வதாக இருந்தது, 1985-ல் பிரான்ஸ் விலகி ரஃபேலைத் தனியாகச் செய்தது, மற்றவர்கள் டைஃபூனைச் செய்தார்கள். தன் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தும் பறக்கக்கூடிய, எடை குறைந்த விமானம் அதற்கு வேண்டும். தன்னுடைய எம்88 எஞ்சினையே பொருத்த வேண்டும் என்பதிலும் உறுதியாக இருந்தது. மற்றவர்களுக்குக் கப்பல் தேவையில்லை, வான்சண்டைக்கு முன்னுரிமை. இந்த இரண்டு வரிகளை எழுதிவிட்டால் பின்னால் வரும் எண்கள் பாதி புரிந்துவிடும். ரஃபேலின் இறக்கைப் பரப்பு 45.7 சதுர மீட்டர், டைஃபூனுடையது 51.2. எம்88-இன் உந்துவிசை ஆஃப்டர்பர்னரோடு (வெளியேறும் வாயுவில் மேலும் எரிபொருளை எரித்து உந்துவிசையைக் கூட்டுவது) 75 கிலோநியூட்டன், டைஃபூனின் இஜே200 எஞ்சினுடையது 90. 'டைஃபூனுக்கு பலம் அதிகம்' என்று இதைப் படிப்பது சுலபம். கேட்டதே வேறு வேறு என்பது முதல் இரண்டு வரியில் இருக்கிறது.

படி 2: எடையை ஒரே நிலைக்குக் கொண்டுவருவது

என்னை அதிக நேரம் சுற்றவிட்ட படி இது. நிதானமாகப் படியுங்கள்.

அமெரிக்காவின் எஃப்-16சி விமானத்தின் பிளாக் 50 வகையை எடுத்துக்கொள்வோம். வெற்று எடை சுமார் 8,570 கிலோ, அதிகபட்சப் புறப்பாட்டு எடை 19,187 கிலோ. ஆஃப்டர்பர்னரோடு எஞ்சின் தருவது 131 கிலோநியூட்டன். 9.81-ஆல் வகுத்தால் சுமார் 13.35 டன் உந்துவிசை. இதை வெற்று எடையால் வகுத்தால் உந்துவிசை-எடை விகிதம் 1.56. அதிகபட்ச எடையால் வகுத்தால் 0.70. ஒரே விமானம், ஒரே எஞ்சின்! ஒரு விமானத்துக்கு முதல் வகை எண்ணையும் எதிரிக்கு இரண்டாம் வகை எண்ணையும் போட்டு 'ஒப்பீடு' என்று சுற்றுகிற அட்டவணைகள் ஏராளம்.

நான் வைத்திருக்கும் விதி: வெற்று எடை + உள் எரிபொருளில் பாதி + 500 கிலோ. அந்த 500-இல் விமானி, பீரங்கிக் குண்டுகள், இரண்டு ஏவுகணைகள் அடங்கிவிடும். எஃப்-16-இன் உள் எரிபொருள் சுமார் 3,200 கிலோ. ஆக 8,570 + 1,600 + 500 = 10,670 கிலோ. விகிதம் 1.25.

'பாதி' என்பதையும் '500' என்பதையும் சூத்திரத்துக்குள் எழுதாதீர்கள். மேலே தனித்தனிக் கட்டங்களில் வைத்து, எல்லா வரிசைகளும் அவற்றையே பார்க்கும்படி செய்யுங்கள். ஏன் என்று கீழே தெரியும்.

அப்புறம், உந்துவிசைப் பத்தியை (நெடுவரிசையை) இரண்டாகப் பிரியுங்கள்: ஆஃப்டர்பர்னர் இல்லாமல், ஆஃப்டர்பர்னரோடு. எம்88-க்கு 50, 75. இஜே200-க்கு 60, 90. ஒரு விமானத்தின் 60-ஐ இன்னொன்றின் 75-ஓடு வைத்துவிட்டால் முடிந்தது கதை. இந்த எண்கள் எல்லாமே தரைமட்டத்தில், அசையாமல் நிற்கும் எஞ்சினில் அளந்தவை என்பதையும் ஒரு குறிப்பாகப் போட்டுவிடுங்கள். விமானத்துக்குள் பொருத்திய பிறகு, பத்து கிலோமீட்டர் உயரத்தில், அவ்வளவு கிடைக்காது.

*பிற்சேர்க்கை:* 'பாதி எரிபொருள்' விதி எஃப்-35-க்கு அநியாயம் செய்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எஃப்-35ஏ-இன் வெற்று எடை சுமார் 13,290 கிலோ, உள் எரிபொருள் சுமார் 8,280 கிலோ, உந்துவிசை 191 கிலோநியூட்டன். என் விதிப்படி 4,140 கிலோ எரிபொருளைச் சுமக்கிறது, விகிதம் 1.09. எஃப்-16 சுமப்பதோ 1,600 கிலோதான். எஃப்-35-க்கும் அதே 1,600 கிலோ கொடுத்தால் விகிதம் 1.27 ஆகிவிடும். ஆனால் அதுவும் சரியில்லை, பெரிய எஞ்சின் அதிகம் குடிக்கும். இப்போது நான் செய்வது இது: ஆஃப்டர்பர்னர் இல்லாத உந்துவிசையின் விகிதத்தில் எரிபொருளைக் கூட்டுவது. எஃப்-16-க்கு 76, எஃப்-35-க்கு 125. ஆகவே 1,600-க்குப் பதில் சுமார் 2,630 கிலோ. விகிதம் 1.19. தோராயம்தான், ஆனால் மற்ற இரண்டையும் விட நேர்மையான தோராயம். மேலே தனிக் கட்டம் வைத்திருந்தால் இந்த மாற்றத்துக்கு அதிக நேரம் ஆகாது.

படி 3: இறக்கைச் சுமை

எடையை இறக்கைப் பரப்பால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். படி 2-இல் வந்த எடையையே பயன்படுத்துங்கள். எஃப்-16-இன் பரப்பு 27.87 சதுர மீட்டர், சுமை 383 கிலோ/சதுர மீட்டர்.

எச்சரிக்கை ஒன்று. தேஜஸ் எஃப்-16-ஐ விட இலேசானது, ஆனால் இறக்கைப் பரப்பு 38.4 சதுர மீட்டர். அதனால் இறக்கைச் சுமை மிகக் குறைவாக வரும் (சுமை குறைந்தால் சட்டென்று திரும்பலாம் என்பது பொதுக் கணக்கு), உடனே 'தேஜஸ் சுழற்றி எடுத்துவிடும்' என்று எழுதத் தோன்றும். டெல்டா இறக்கை முதல் திருப்பத்தைச் சட்டென்று எடுக்கும். திரும்பிக்கொண்டே இருந்தால் இழுவை ஏறி வேகத்தைத் தின்றுவிடும். எஃப்-16-இலோ உடலும் இறக்கையின் முன்நீட்சியும் தூக்குவிசையில் பங்கு தருகின்றன, அந்தப் பங்கு 27.87-க்குள் வராது. ரஃபேல், டைஃபூனின் முன்பக்கச் சிறு இறக்கைகளான கனார்டுகளும் இப்படித்தான். ஒரே வகை இறக்கை உள்ளவற்றுக்கு இடையில் மட்டும் இந்தப் பத்தியை நம்புங்கள்.

படி 4: உருவாக்கக் காலக்கோடு

'எத்தனை வருடம் எடுத்தது' என்று ஒரு பத்தி வைக்காதீர்கள். ஐந்து பத்தி வையுங்கள்: ஒப்புதல், செயல்விளக்க விமானத்தின் (தொழில்நுட்பத்தைச் சோதிக்க மட்டும் செய்தது) முதல் பறப்பு, முன்மாதிரியின் முதல் பறப்பு, படையில் சேர்ந்தது, முழுப் பயன்பாட்டு அனுமதி.

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஏன் பிரிக்க வேண்டும்? ரஃபேல் 1986-ல் பறந்தது, டைஃபூன் 1994-ல் பறந்தது, எட்டு வருட வித்தியாசம் என்று எழுதுவார்கள். 1986 ஜூலை 4-ல் பறந்த ரஃபேல் ஏ ஒரு செயல்விளக்க விமானம். டைஃபூனின் வழியில் அதற்கு இணையான இஏபி பறந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 8-ல். ஐந்து வாரம்தான் இடைவெளி. முன்மாதிரிகளை வைத்துப் பார்த்தால் ரஃபேல் சி 1991 மே, டைஃபூன் 1994 மார்ச். வித்தியாசம் மூன்று வருடத்துக்கும் குறைவு. எஃப்-22-க்கும் இதே கதை: ஒய்எஃப்-22 பறந்தது 1990-ல், எஃப்-22 பறந்தது 1997-ல்.

ஐந்து பத்திகளுக்குப் பக்கத்தில் 'தாமதக் காரணம்' என்று ஆறாவது ஒன்றும் வையுங்கள். ஸ்வீடனின் கிரிப்பனையும் இந்தியாவின் தேஜஸையும் போட்டுப் பாருங்கள். ஸ்வீடன் 1982-ல் ஒப்புதல் கொடுத்தது, 1988 டிசம்பரில் முதல் பறப்பு, 1996-ல் படையில் சேர்ந்தது. தேஜஸ் திட்டம் 1983-ல் தொடங்கியது, 2001 ஜனவரி 4-ல் பறந்தது, 2016-ல் படையணி உருவானது. வெறும் எண்களாகப் பார்த்தால் ஒரு கிண்டலோடு முடித்துவிடலாம். ஆறாவது பத்தியை நிரப்பும்போதுதான் விஷயம் திறக்கிறது. தேஜஸின் முழு அளவு உருவாக்கத்தின் முதல் கட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்ததே 1993-ல். 1998 அணுகுண்டுச் சோதனைக்குப் பின் வந்த அமெரிக்கத் தடைகள் பறப்புக் கட்டுப்பாட்டு வேலையைப் பாதித்தன. கிரிப்பனைச் செய்த சாப் நிறுவனத்துக்கு டிராக்கன், விக்கன் என்ற முந்தைய போர் விமானங்களின் தொடர்ச்சி இருந்தது. இந்தியாவில் 1961-ல் பறந்த மாருத் போர் விமானத்துக்குப் பிறகு பெரிய இடைவெளி. ஸ்வீடன் அமெரிக்காவின் எஃப்404 எஞ்சினை அடிப்படையாகக் கொண்ட ஆர்எம்12-ஐத் தொடக்கத்திலேயே தேர்ந்தெடுத்தது. இந்தியா சொந்தமாகக் காவேரி எஞ்சினையும் செய்ய முயன்று, கடைசியில் அதே எஃப்404 குடும்பத்தோடு நின்றது. கிரிப்பன் பக்கமும் காலியாக இருக்காது: 1989 பிப்ரவரியில் முதல் முன்மாதிரி தரையிறங்கும்போது விழுந்தது, காரணம் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்.

படி 5: விலை

சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் நம்பகமான எண் கிடைப்பது அபூர்வம். ஒரு விமானத்தைத் தயாரிக்கும் விலை வேறு. உருவாக்கச் செலவையும் சேர்த்து எண்ணிக்கையால் வகுத்த விலை வேறு. உதிரிபாகம், பயிற்சி, ஆயுதம் எல்லாம் அடங்கிய ஏற்றுமதி ஒப்பந்த விலை இன்னொன்று. மூன்றையும் கலக்காதீர்கள், எந்த ஆண்டின் பணம் என்பதையும் எழுதுங்கள். எண்ணிக்கைக்கு ஒரு பத்தி கட்டாயம்: 132 என்று திட்டமிட்ட பி-2 குண்டுவீச்சு விமானத்தில் செய்தது 21. எஃப்-22 750-இல் தொடங்கி 187 சேவை விமானங்களோடு நின்றது. உருவாக்கச் செலவு முழுவதும் அந்தச் சிலவற்றின் தலையில் விழுந்தது.

*இன்னொரு பிற்சேர்க்கை:* சரக்கு விமானங்களுக்கும் இதே அட்டவணை வருமா என்று கேட்டிருந்தார்கள். படி 1, 4, 5 அப்படியே வரும். படி 2, 3-ஐ எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சரக்கறையின் அகலமும் உயரமும், தேவைப்படும் ஓடுபாதை நீளம், முழுச் சுமையோடு செல்லும் தூரம் ஆகியவற்றை வையுங்கள். ஏ400எம்மின் சுமை சுமார் 37 டன், சி-17-இன் சுமை சுமார் 77 டன். கொண்டுபோக வேண்டிய கவச வண்டியின் எடையையும் அகலத்தையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு தொடங்குங்கள்.