விசாகா கமிட்டிக்குப் புகார் எழுதும் தோழிக்குத் துணை நிற்பது எப்படி?

பணியிடத்தில் பாலியல் தொல்லைக்கு ஆளான பெண் அதைப் பெரும்பாலும் முதலில் சொல்வது கூட வேலை செய்யும் தோழியிடமோ, தொழிற்சங்கத்து அக்காவிடமோதான். அப்படி நம்பிச் சொல்லப்பட்டவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்காகவே இந்தக் குறிப்பு.

ராஜஸ்தானின் பட்டேரி கிராமத்தில், அரசின் மகளிர் மேம்பாட்டுத் திட்டப் பணியாளராகக் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக, பன்வாரி தேவி 1992-ல் கூட்டு வல்லுறவுக்கு ஆளாக்கப்பட்டார். அதையடுத்துப் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றத்தை நாடியதால்தான் 1997-ல் பணியிடப் பாலியல் தொல்லையைத் தடுக்க நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகளும், பின்னர் அதே நோக்கத்துக்கான 2013-ஆம் ஆண்டுச் சட்டமும் கிடைத்தன. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்; இதைத்தான் பேச்சுவழக்கில் விசாகா கமிட்டி என்கிறோம். அதைவிடச் சிறிய இடமென்றாலும், முதலாளி மீதே புகார் என்றாலும், வீட்டு வேலை செய்பவர் என்றாலும் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் தரலாம்.

கடைசியாக நடந்த சம்பவத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் எழுத்தில் போய்ச் சேர வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம் என்றாலும், அதை நம்பித் தள்ளிப்போடாதீர்கள்.

புகாரின் பலம் விவரத்தில் இருக்கிறது. “மேற்பார்வையாளர் என்னிடம் தவறாக நடந்துகொண்டார்” என்று மட்டும் எழுதினால் விசாரிப்பவர்களுக்குப் பிடி கிடைக்காது. “மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, மாலை ஷிஃப்ட் முடியும் நேரத்தில் நூல் கோன் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன், அவர் கதவருகே வழியை மறித்து என் கையைப் பிடித்தார், ‘சொன்னபடி கேட்டால் ஓவர்டைம் போடுகிறேன்’ என்றார்” என்று எழுதினால் நாள், இடம், செயல், பேச்சு நான்கும் பதிவாகிவிடும். அவர் பேசிய கொச்சையான வார்த்தைகளையும் நாகரிகம் கருதி மாற்றாமல் அப்படியே எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாதவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதலாம். ஆனால் உங்கள் கோபத்தை அவர் வாக்குமூலத்தில் சேர்க்காமல், எழுதியதைப் படித்துக் காட்டி ஒப்புதல் பெறுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை எண்ணும் தேதியும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகும் மூலச் செய்தியை அழிக்கக் கூடாது. சாட்சிகளின் பெயர், முகவரியுடன் ஆறு பிரதிகள் தர வேண்டும். தந்ததற்குத் தேதியிட்ட ஒப்புகை வாங்குவது முக்கியம்.

புகார் போன மறுநாளே “பேசி முடித்துக்கொள்ளலாம்” என்று தொடங்கிவிடுவார்கள். பெற்றோருக்குப் போன் போகும், கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்ற பேச்சு வரும். என் பார்வையில் துணை நிற்பவர் அதிகம் தேவைப்படுவது இந்த நாட்களில்தான். விசாரணைக்கு முன் சமரசம் என்பது புகார் தந்த பெண்ணே கேட்டால் மட்டுமே நடக்கலாம்; அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. பொய்ப் புகார் என்று நடவடிக்கை எடுப்போம் என மிரட்டினால், நிரூபிக்க முடியாமல் போனதாலேயே ஒரு புகார் பொய்யாகிவிடாது என்று சட்டமே தெளிவாகச் சொல்லியிருப்பதை எடுத்துக்காட்டுங்கள். அதே மேற்பார்வையாளரின் கீழ் வேலை தொடர முடியாத நிலை என்றால், விசாரணைக் காலத்தில் இருவரில் ஒருவரை இடமாற்றவும், மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்புத் தரவும் குழு பரிந்துரைக்கலாம். இதை அவர் எழுத்தில் கேட்க வேண்டும்.

அவர் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடச் சட்டம் தடை விதிக்கிறது. ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் ஸ்டேட்டஸ் போடுவதும் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். எந்த அடியையும் அவரைக் கேட்டே எடுத்து வையுங்கள். நிறுத்திவிடலாம் என்று அவர் சொன்னால் அந்த முடிவையும் மதியுங்கள்.

விசாரணை 90 நாட்களுக்குள் முடிய வேண்டும். காவல் நிலையத்தில் தனியாகக் குற்றப் புகார் தர இது தடையில்லை. அவசர உதவிக்கு 181 என்ற மகளிர் உதவி எண் உண்டு. குழுவின் பரிந்துரை நியாயமாக இல்லையென்றால் மேல்முறையீட்டுக்கும் 90 நாட்கள்தான் அவகாசம் என்பதால், அறிக்கையின் பிரதியை உடனே கேட்டு வாங்கி, அதிலுள்ள தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.