மூட்டை விலையை விடுங்க, சத்து கிலோ என்ன விலை?

உரக்கடையில் எந்த மூட்டை மலிவு என்று கேட்டுப் பயனில்லை, ஒவ்வொன்றிலும் இருக்கிற சத்தின் அளவு வேறு. போன் கால்குலேட்டரை எடுங்க. யூரியா மூட்டை 45 கிலோ, அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்), அதாவது 20.7 கிலோ. விலை சுமார் 267 ரூபாய் என்றால் கிலோ தழைச்சத்து 13 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. 50 கிலோ டிஏபியில் (டை அமோனியம் பாஸ்பேட்) 9 கிலோ தழைச்சத்து, 23 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்). 1,350 ரூபாயில் தழைச்சத்துக்கு 117 ரூபாயைக் கழித்தால் மணிச்சத்து கிலோ 54 ரூபாய் விழுகிறது. 50 கிலோ பொட்டாஷ் மூட்டையில் 30 கிலோ சாம்பல் சத்து (பொட்டாசியம்). மூட்டை 1,700 என்று வைத்தால் கிலோ 57.

இப்போ மூன்று சத்தும் 17 சதவீதம் கலந்த 17:17:17 காம்ப்ளக்ஸைப் பாருங்க. 50 கிலோ மூட்டையில் ஒவ்வொன்றும் எட்டரை கிலோ, மேலே உள்ள விலையில் போட்டால் 1,050 ரூபாய்தான் பெறும். உங்க கடையில் அதற்கு மேல் எவ்வளவு கேட்கிறார்களோ அது கலந்து கொடுத்த கூலி, அவ்வளவுதான். சூப்பர் பாஸ்பேட்டுக்கும் இதே கணக்கு: மூட்டைக்கு 8 கிலோ மணிச்சத்து, 430 ரூபாய்க்கு மேல் போனால் டிஏபி லாபம். ஆனால் சூப்பரில் ஐந்தரை கிலோ கந்தகமும் இருக்கிறது, நிலக்கடலைக்காரர்கள் அதை மறக்கக்கூடாது.

டெல்டா குறுவை நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை ஏக்கருக்குத் தழை, மணி, சாம்பல் சத்து முறையே 60:20:20 கிலோ. டிஏபி 43 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ, யூரியா இரண்டரை மூட்டை போதும். இது பொதுப் பரிந்துரைதான், மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் முதலில் கை வைக்க வேண்டியது டிஏபியில், ஏனென்றால் காசு அதிகம் போவது அங்கேதான். துத்தநாகக் குறை இருந்தால் ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை மணலில் கலந்து தூவுங்க, டிஏபியோடு சேர்க்காதீங்க, இரண்டும் பிணைந்து பயிருக்குக் கிடைக்காமல் போகும்.

யூரியா மலிவு என்பதாலேயே அள்ளி வீசுகிறோம், தழைச்சத்து மிஞ்சினால் பூச்சி வரும், அப்புறம் இலைச்சுருட்டுப் புழுவுக்கு மருந்து வாங்குகிறோம். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலை வண்ண அட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்க. நட்ட 14ஆம் நாளிலிருந்து பூக்கும் வரை வாரம் ஒரு தடவை, நன்றாக விரிந்த மேல் இலை பத்தில் வைத்துப் பாருங்க. ஆறு இலையாவது 4ஆம் எண் பச்சைக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரமாக யூரியா, வெள்ளைப் பொன்னி ரகம் என்றால் 3ஆம் எண். தண்ணீரை வடித்துவிட்டுப் போடுங்க, தேங்கி நிற்கும் தண்ணீரில் யூரியா போட்டால் பாதி காற்றோடும் வாய்க்காலோடும் போகும்.

யூரியா கேட்டால் கூடவே நுண்ணூட்டப் பாக்கெட்டும் வாங்கணும் என்று கடைக்காரர் கட்டாயப்படுத்தினால் வாங்க வேண்டியதில்லை. ரசீது கேளுங்க, தராவிட்டால் வட்டார வேளாண் உதவி இயக்குநரிடம் எழுதிக் கொடுங்க.