சக்கரத்தில் போட்ட சாக்பீஸ் கோடு

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் மாத்திரைகளை பேக் செய்யும் அறை எங்களுடையது. ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐப்பசி மழையில் மீட்டர் 38-லேயே நின்றது. அறைக் காற்றை உலர்த்தும் இயந்திரத்தின் ஹீட்டர் சூட்டை ஏற்றிப் பார்த்தேன். கரண்ட் பில்தான் ஏறியது.

அந்த இயந்திரத்துக்குள் மெதுவாகச் சுழலும் சிலிக்கா ஜெல் சக்கரம் ஒரு பக்கம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி, மறுபக்கம் சூடான காற்றில் அதை உதறிவிட்டு வர வேண்டும். மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததால் சக்கரத்தை யாரும் சந்தேகிக்கவில்லை. மூடியைக் கழற்றி, விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். 6 நிமிடத்தில் ஒரு சுற்று வர வேண்டியது, 17 நிமிடம் ஆனது! பெல்ட் தளர்ந்து வழுக்கியிருக்கிறது.

இறுக்கியதும் 31-க்கு இறங்கியது. சரி, மிச்சம் எங்கே? ஹீட்டரை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டு, இரண்டு பக்கக் காற்றும் கலக்காமல் தடுக்கும் சீல் ஓரமாக ஊதுபத்தியைப் பிடித்தேன். ஒரு மூலையில் புகை சட்டென்று உள்ளே இழுபட்டது. சக்கரம் உதறிய ஈரம் அந்தத் தேய்ந்த சீல் வழியாக உலர்ந்த பக்கத்துக்கே திரும்பிக்கொண்டிருந்தது. சீலை மாற்றினேன். அப்புறம் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் குளிர் காயிலையும் கழுவினேன். காற்று குளிர்ந்து வந்தால்தான் ஜெல் நன்றாக உறிஞ்சும்.

மறுநாள் காலை மீட்டரில் 22. ஹீட்டரைப் பழைய 120 டிகிரிக்கே இறக்கிவிட்டேன்.